ஒளியெழுத்துப் பலகையும் திறந்த அறிவும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை இந்த அவையில் நான் எடுத்துரைப்பது, உழவனிடம் சென்று மழையின் சிறப்பை எடுத்துரைப்பது போலாகும். ஆகவே அவர்களிடம் இசைவு பெற்று வேறொரு பொருளைத் தேர்ந்து கொண்டேன். பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் வங்கியிலும் செந்நிற எழுத்துகள் வரிசையாக ஓடும் பலகையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய பலகையை நம் கையாலேயே கோத்து உருவாக்குவது எங்ஙனம், அங்ஙனம் செய்வதால் நமக்கு விளையும் பயன் யாது என்பவையே இன்று என் பேச்சின் பொருள்.

நான் மின்னணுவியல் கற்றவன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணிக்கு வந்தவன். எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியரும் பதினோராம் வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்து பள்ளி வாயிலுக்கென ஓர் ஒளியெழுத்துப் பலகை செய்ய முற்பட்டபோது, அவர்களுடன் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். கேட்டதையும் கண்டதையும் உங்களிடம் பகிர்ந்து கொள்கிறேன்.

ஒளிப்புள்ளிகளின் கணக்கு

எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடு நாம் அனைவரும் அறிந்த சிறு விளக்கு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் டையோடை 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் என்பார் ஆக்கிக் காட்டினார். நீல ஒளி டையோடை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர்க்கு 2014-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நாம் இன்று பேசும் பலகைக்குப் பழைய சிவப்பே போதும்.

எட்டு நிரை, எட்டு நிரல் என்று சதுரங்கப் பலகை போல 64 டையோடுகளை ஒரே கட்டையாகச் செய்து கடைகளில் விற்கிறார்கள். ஒவ்வொரு விளக்கிற்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால், பொதுக்கம்பியையும் சேர்த்து 65 கம்பிகள் வேண்டும். ஆனால் அந்தக் கட்டையின் அடியில் இருப்பவை 16 கால்கள் மட்டுமே. எட்டு கால்கள் நிரைகளுக்கு, எட்டு கால்கள் நிரல்களுக்கு. எந்த நிரைக்கும் எந்த நிரலுக்கும் மின்சாரம் ஒருசேரக் கிடைக்கிறதோ, அவ்விரண்டும் வெட்டிக் கொள்ளும் இடத்திலுள்ள விளக்கு எரியும்.

இங்கே ஓர் இடையூறு எழுகிறது. முதல் நிரையில் முதல் விளக்கும் இரண்டாம் நிரையில் இரண்டாம் விளக்கும் மட்டும் எரிய வேண்டுமென்று வைத்துக் கொள்வோம். இரண்டு நிரைகளுக்கும் இரண்டு நிரல்களுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தால் இரண்டன்று, நான்கு விளக்குகள் எரிந்துவிடும். இதற்குக் கண்ட வழி, ஒரு நேரத்தில் ஒரு நிரையை மட்டும் ஏற்றுவது. முதல் நிரையை ஏற்றி அணைத்து, இரண்டாம் நிரையை ஏற்றி அணைத்து, இவ்வாறு எட்டையும் சுற்றிச் சுற்றி வருவது. இச்சுற்று வினாடிக்குச் சில நூறு முறை நடந்தால், நம் கண்ணுக்கு அத்தனை நிரைகளும் ஒருங்கே எரிவதாகவே தோன்றும். உண்மையில் எந்த விளக்கும் எட்டில் ஒரு பங்கு நேரத்திற்கு மேல் எரிவதில்லை.

இந்த ஓயாத சுற்று வேலையைச் செய்வதற்கென்றே மேக்ஸ் 7219 என்னும் ஐ.சி. ஒன்று உண்டு. அதற்கு 24 கால்கள். எந்த விளக்கு எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று ஒருமுறை சொல்லி விட்டால், அதைத் தன் நினைவில் வைத்துக் கொண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 800 முறை எட்டு நிரைகளையும் தானே சுற்றி வரும். இந்த ஐ.சி.யையும், அதற்கு வேண்டிய சில உறுப்புகளையும், விளக்குக் கட்டையையும் தாங்கி நிற்கும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகையே நாம் கோக்கப் போகும் பலகையாகும்.

திறந்த வன்பொருள் என்பது யாது?

மின்சுற்றுப் பலகை ஒன்றைச் செய்ய நான்கு ஆவணங்கள் வேண்டும். எந்த உறுப்பு எதனுடன் இணைகிறது என்று காட்டும் சுற்று வரைபடம் ஒன்று. பலகையின் மேல் செம்புப் பாதைகள் எவ்வழி ஓடுகின்றன என்று காட்டும் அமைப்புப் படம் இரண்டு. உறுப்புகளின் பட்டியல் மூன்று. பலகையை அச்சிடும் ஆலைக்கு அனுப்ப வேண்டிய கோப்புகள் நான்கு. விலைக்கு வாங்கும் பெரும்பாலான கருவிகளில் இந்நான்கும் உற்பத்தியாளரின் பெட்டகத்திலேயே பூட்டிக் கிடக்கும். இவற்றை எல்லாருக்கும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டு, 'எவரும் படிக்கலாம், மாற்றலாம், செய்யலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்' என்று இசைவும் அளித்தால், அதுவே திறந்த வன்பொருள்.

இவ்வியக்கத்தில் பெரும் பங்கு கொண்டது ஆர்டுயினோ என்னும் சிறு கணிப்பலகை. இத்தாலி நாட்டில் இவ்ரேயா என்னும் ஊரில், வடிவமைப்புக் கல்வி நிலையம் ஒன்றில் 2005-இல் அது பிறந்தது. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லி விடுகிறேன். 1002-இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய அர்துவின் என்பவன் அவ்வூரைச் சேர்ந்தவன். அவன் பெயர் தாங்கிய கடையொன்றில் அப்பலகையை உருவாக்கியோர் கூடுவது வழக்கமாம். அதனால் பலகைக்கும் அரசன் பெயரே அமைந்தது. அரசனின் ஆட்சி அவ்வூரை விட்டு நெடுங்காலத்திற்கு முன்னரே நீங்கிவிட்டது. அவன் பெயர் இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் மேசையில் இருக்கிறது. காரணம், அப்பலகையின் வரைபடம் பூட்டப்படவில்லை.

அணுத்துகள் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற செர்ன் நிறுவனமும் 2011-இல் திறந்த வன்பொருளுக்கென உரிம வாசகம் ஒன்றை வெளியிட்டது. 2020-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் மூன்று வகைகள் உண்டு. அவற்றுள் உறுதியான வகையின் சாரம் இது: திறந்த வடிவமைப்பைப் பெற்று, அதைத் திருத்தி, அப்படிச் செய்த பொருளைப் பிறருக்குக் கொடுப்பவர், தம் திருத்தத்தையும் அதே உரிமத்தின் கீழ் வெளிப்படுத்த வேண்டும். பெற்றவன் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது இதன் அறம். மாலை வகுப்பில் படித்துத் தேறிய அண்ணன், அடுத்த ஆண்டு தம்பிக்குப் பாடம் சொல்லும் நம் சங்கத்தின் வழக்கம் உங்கள் நினைவுக்கு வருமென நம்புகிறேன்.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலகையின் வடிவமைப்பு திறந்தது. அதன் மேல் அமரும் ஐ.சி.யின் உள்ளமைப்பு திறந்ததன்று. எனினும் அதன் 24 கால்களுள் ஒவ்வொன்றின் வேலையும், எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை மின்னோட்டம் தரும் என்பனவும் உற்பத்தியாளர் வெளியிட்ட விவரத்தாளில் அச்சாகியிருக்கின்றன. அதனைப் படிக்க ஆங்கிலமும் பொறுமையும் வேண்டும். எங்கள் மாணவர்கள் அத்தாளை மூன்று வார காலம், மாலைதோறும் ஒரு பக்கமாகப் படித்தார்கள்.

பலகையைக் கோக்கும் முறை

இனி வேலைக்கு வருவோம். உறுப்புகள் மிகச் சிலவே. வெற்றுப் பலகை ஒன்று. 24 கால் ஐ.சி. ஒன்று, அதற்கேற்ற சாக்கெட் ஒன்று, 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி ஒன்று. 10 மைக்ரோஃபாரட் மின்பகு மின்தேக்கி ஒன்று. கம்பி செருகும் ஊசி வரிசைகள் இரண்டு. விளக்குக் கட்டையைத் தாங்கும் சாக்கெட் வரிசைகள் இரண்டு. விளக்குக் கட்டை ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் இவை அனைத்தும் கிடைக்கும். ஐ.சி. வாங்கும்போது மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். அதே பெயர் தாங்கிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன.

உயரம் குறைந்த உறுப்பை முதலில் வைப்பதே முறை. முதலில் மின்தடை. பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்னும் வளையங்கள் 10 கிலோ ஓம் என்று சொல்லும். இம்மின்தடை சிறியதாயினும் பொறுப்பு பெரிது. விளக்குகளுக்குள் பாயும் மின்னோட்டத்தின் அளவை இதுவே தீர்மானிக்கிறது. இதன் வழியே ஐ.சி.க்குள் செல்லும் மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு ஒவ்வொரு விளக்கிற்கும் செல்லும். 9.53 கிலோ ஓமிற்குக் கீழே இதன் மதிப்பைக் குறைக்கலாகாது என்று விவரத்தாள் எச்சரிக்கிறது. ஒளி கூடட்டும் என்று எண்ணி இதைக் குறைப்பவர் விளக்கையும் ஐ.சி.யையும் சேர்த்து இழப்பர்.

அடுத்துப் பீங்கான் மின்தேக்கி. அதன் மேல் 104 என்று பொறித்திருக்கும். அதற்கு முன்பின் இல்லை. மின்பகு மின்தேக்கிக்கோ திசை உண்டு. நீண்ட கால் நேர்முனை. பட்டை தீட்டிய பக்கம் எதிர்முனை. மாற்றி வைத்தால் சூடேறி வெடிக்கவும் கூடும். நிரைகள் மாறும் ஒவ்வொரு கணமும் மின்னோட்டம் திடீரெனக் கூடும், குறையும். அவ்வேளைகளில் வழங்கு மின்னழுத்தம் தளராமல் ஐ.சி.யின் அருகிலேயே நின்று தாங்குபவை இவ்விரு மின்தேக்கிகள். ஊர்க் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், வீட்டுக்குடம் நிறைந்திருந்தால் சமையல் தடைப்படாதன்றோ? அது போன்றதே இவற்றின் பணி.

அதன்பின் ஐ.சி.யின் சாக்கெட், ஊசி வரிசைகள், கட்டையின் சாக்கெட் வரிசைகள். எங்கள் பலகையில் விளக்குக் கட்டை ஐ.சி.யின் தலைக்கு மேலேயே அமர்ந்து அதை மூடிவிடும். ஆகவே அடியிலுள்ளவற்றையெல்லாம் சோதித்து முடித்த பின்னரே கட்டையைச் செருக வேண்டும்.

ஈயப்பற்று வைப்பதில் பலர் செய்யும் பிழை, ஈயத்தைச் சூட்டுக்கோலின் முனையில் உருக்கிக் கொண்டு வந்து மூட்டில் தடவுவது. அது சுவரில் சாந்தை வீசுவது போன்றது; ஒட்டியதாகத் தோன்றும், ஒட்டாது. சூட்டுக்கோலின் முனை, பலகையின் செம்பு வளையத்தையும் உறுப்பின் காலையும் ஒருசேரத் தொட வேண்டும். அவ்விரண்டும் சூடேறியபின் மறுபக்கத்திலிருந்து ஈயக்கம்பியைக் காட்டினால், ஈயம் தானே உருகிப் பரவும். இரண்டு மூன்று வினாடி போதும். நல்ல மூட்டு பளபளப்பாகச் சிறு கூம்பு போல நிற்கும். உருண்டை மணி போல நின்றால் அது பற்றவில்லை என்று பொருள். மீண்டும் சூடாக்க வேண்டும். அடுத்தடுத்த கால்களுக்கிடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர் மட்டுமே. இரண்டு கால்களை ஈயம் இணைத்துவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு வேலை செய்க. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடற்க, ஈயம் நஞ்சு.

ஐ.சி.யைச் செருகுமுன் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது, 19-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டரால் உறுதி செய்க. இரண்டாவது, 4, 9 ஆகிய இரு கால்களும் நிலமுனையோடு சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க; இரண்டும் சேர்ந்தே தீர வேண்டும். மூன்றாவது, 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து, 19-க்கும் 4-க்கும் இடையே அந்த 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க. இம்மூன்றும் சரியென்றால் மின்சாரத்தை நிறுத்தி, ஐ.சி.யின் பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு பொருந்துமாறு செருகுக. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாது விடுபவர்க்குக் காசும் காலமும் கரையும்.

இயங்கத் தொடங்கும்போது ஐ.சி. உறக்க நிலையில் இருக்கும். ஒரு விளக்கும் எரியாது. பலகை பழுது என்று எண்ணி மனம் தளர வேண்டா. ஆர்டுயினோவிலிருந்து மூன்று கம்பிகள் வழியே அதற்குக் கட்டளை செல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் 16 துணுக்குகள் கொண்டது. ஒரு பகுதி முகவரி, ஒரு பகுதி செய்தி. முகவரி 12-க்கு 1 என்று அனுப்பினால் உறக்கம் கலையும். முகவரி 11-க்கு 7 என்று அனுப்பினால் எட்டு நிரைகளும் இயங்கும். முகவரி 9-க்கு 0 அனுப்பினால், எண்களைக் காட்டும் முறை நீங்கி, விளக்குகளை நாம் விரும்பியவாறு ஏற்றலாம். முகவரி 10 ஒளியின் அளவுக்குரியது. 0 முதல் 15 வரை பதினாறு படிகள். முகவரி 15 சோதனைக்குரியது. அதனை 0 ஆக வைக்க வேண்டும். அதன்பின் 1 முதல் 8 வரையுள்ள முகவரிகள் எட்டு நிரைகளுக்கு உரியவை.

தமிழ் எழுத்து ஏறிய வரலாறு

நாங்கள் எடுத்துக் கொண்ட மென்பொருள் தொகுப்பில் ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் ஆயத்தமாக இருந்தன. தமிழ் எழுத்து இல்லை. எங்கள் பள்ளி வாயிலில் தமிழ் இல்லாத பலகை வேண்டா என்று மாணவர்களே முடிவு செய்தார்கள். அப்போதுதான் உண்மையான படிப்புத் தொடங்கியது.

ஒவ்வொரு நிரையும் எட்டு விளக்குகள். இடமிருந்து வலமாக அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எரிய வேண்டியவற்றின் மதிப்பைக் கூட்டினால் அந்நிரையின் எண் கிடைக்கும். 'ப' என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் செங்கோடு, அடியில் கிடைக்கோடு. மேல் ஏழு நிரைகளிலும் முதல் விளக்கும் கடைசி விளக்கும் எரிய வேண்டும்: 128-உம் 1-உம் சேர்ந்து 129. அடி நிரையில் எட்டும் எரிய வேண்டும்: 255. ஆக, ஏழு முறை 129, ஒரு முறை 255, இதுவே 'ப'. 'ட' என்றால் ஏழு முறை 128, ஒரு முறை 255. எழுத்து எண்ணாகும் இவ்விந்தையைக் கண்டபோது, கணக்கென்றால் அஞ்சும் பிள்ளைகளும் வரைபடத் தாளை எடுத்துக் கொண்டு அமர்ந்துவிட்டார்கள்.

'ப'வும் 'ட'வும் எளியவை. 'ஞ', 'ண', 'ழ' முதலியன எட்டுக்கு எட்டில் அடங்கா. தலைமேல் புள்ளியும் அடியில் 'ரு', 'கு' ஆகியவற்றின் வளைவும் வேறு இடம் கேட்கும். ஆகவே ஒரு வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைகளில் எட்டுப் பலகைகளை அடுக்கி, 16 நிரை உயரமும் 32 நிரல் அகலமும் கொண்ட பரப்பை அமைத்தார்கள். மொத்தம் 512 விளக்குகள்.

எழுத்துகள் 247 ஆயிற்றே, அத்தனையும் வரைவதா என்று மலைத்தார்கள். தமிழாசிரியர் வந்து கணக்கைத் தீர்த்து வைத்தார். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகரம் ஏறியவை 18, ஊகாரம் ஏறியவை 18, ஆக 67. துணைக்கால், விசிறி வகை இரண்டு, கொம்பு வகை இரண்டு, ஐகாரக் குறி என ஆறு குறிகள், புள்ளி ஒன்று. மொத்தம் 74. 'டி', 'டீ' இரண்டும் உடலோடு ஒட்டி வருவதால் அவற்றைத் தனியே வரைய 76 ஆயிற்று. மற்றவையெல்லாம் இவற்றின் சேர்க்கையே. 1978-இல் தமிழக அரசு ஏற்றுக் கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது. ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய தனி வடிவங்கள் நீங்கிப் பொதுக் குறிகளே போதும் என்றானதால், வரைய வேண்டியவை பெரிதும் குறைந்தன.

பின்னும் ஒரு முடிச்சு இருந்தது. கணினியில் தமிழை எழுதும் யூனிகோடு முறையில் 'கெ' என்பது, முதலில் 'க'வுக்குரிய 2965, அதன்பின் கொம்புக்குரிய 3014 என்று பதிவாகும். ஒலிக்கும் முறைக்கு அது சரி. ஆனால் பலகையில் கொம்பு முன்னே நிற்க வேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிய வேண்டும். இம்மாற்றத்தைச் செய்யும் நிரலையும் மாணவர்களே எழுதினார்கள். எட்டு ஐ.சி.களும் சங்கிலி போல ஒன்றன் வெளிவாய் மற்றதன் உள்வாயோடு இணைந்திருப்பதால், எட்டுக்குமான 128 துணுக்குகளையும் வரிசையாக அனுப்பி, பின்னர் ஒரே ஆணையில் எல்லாம் ஏற்குமாறு செய்ய வேண்டும். முதன்முதலில் பலகையில் ஒளிர்ந்த சொல் 'வருக' என்பது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 64 விளக்குகளும் முழு ஒளியில் எரிந்தால் ஒரு பலகை ஏறத்தாழ 330 மில்லியாம்பியர் உண்ணும். எட்டுப் பலகைக்கு 2.64 ஆம்பியர். ஆர்டுயினோவின் 5 வோல்ட் ஊசியிலிருந்து இதனை எடுத்தல் தகாது. மூன்று ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வேண்டும். இரண்டின் நிலமுனைகளையும் இணைக்க வேண்டும். அடாப்டரை மட்டும் ஒருபோதும் பிரிக்கற்க; அதனுள் 230 வோல்ட் உண்டு. இவ்வகை விளக்குகள் நேர் வெயிலில் மங்கித் தோன்றுமாதலால், பலகையை நிழலில் மாட்டுவதே நன்று.

பழுதும் படமும்

எட்டுப் பலகைகளையும் இணைத்து மின்சாரம் கொடுத்தபோது மூன்றாவது பலகையில் ஒரு நிரை முழுதும் இருண்டு கிடந்தது. கட்டையே கெட்டுவிட்டது, வேறு வாங்கலாம் என்றார் உடனிருந்த ஒருவர். அக்குழுவில் இருந்த மாணவி ஒருத்தி மறுத்தாள். "ஐயா, ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் விளக்கின் கோளாறு. ஒரு நிரல் முழுதும் எரியவில்லை என்றால் நிரல் கம்பியின் கோளாறு. இங்கே மூன்றாம் நிரை முழுதும் எரியவில்லை. படத்தின்படி மூன்றாம் நிரை ஐ.சி.யின் ஆறாம் காலிலிருந்து வருகிறது. அதை மட்டும் பார்த்தால் போதும்" என்றாள். பலகையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆறாம் காலின் மூட்டில் ஈயம் மணிபோல உருண்டு நின்றது. மீண்டும் ஒருமுறை சூடு காட்டியதும் நிரை ஒளிர்ந்தது. புதுக் கட்டை வாங்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குச் சில மாதம் முன்னர், ஊரில் ஓர் அலுவலக வாயிலில் விலைக்கு வாங்கி மாட்டிய பலகை பாதி இருண்டு போயிற்று. பழுது பார்க்க வந்தவர், "இதற்கு வரைபடம் கிடையாது, புதிது வாங்கி விடுங்கள்" என்று கூறிச் சென்றார். அப்பலகை குப்பைக்குப் போயிற்று. அதிலும் ஒரு மூட்டுத்தான் விட்டிருக்குமோ என்னவோ! வரைபடம் உள்ள பொருளுக்கும் இல்லாத பொருளுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைகளில் இதே பலகை முழுதும் கோத்த நிலையில் கிடைக்கிறதே, நாம் ஏன் ஈயம் வைத்துக் கொண்டிருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பலகை மட்டுமே வேண்டுமென்றால் வாங்கிக் கொள்வதே எளிது. நான் சொல்வது பலகைக்காக அன்று.

நம் தெருப் பிள்ளைகள் பலர் இன்று விளம்பர ஒளிப்பலகைகள் மாட்டும் வேலைக்குச் செல்கிறார்கள். ஏணி தூக்குகிறார்கள், சட்டம் பொருத்துகிறார்கள், உயரத்தில் ஏறிக் கம்பி இழுக்கிறார்கள். பலகையின் மூடியைத் திறக்கும் வேளை வரும்போது வேறொருவர் வருகிறார். அதுவரை நம் பிள்ளை ஏணியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான். நான் குறிப்பிட்ட அம்மாணவியின் தந்தை ஒரு முறை என்னிடம், "படித்து என்ன ஐயா? கடைசியில் கம்பி இழுக்கிற வேலைதானே கொடுக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார். அவர் ஒளிப்பலகை மாட்டும் குழுவில் பதினைந்து ஆண்டு உழைத்தவர். அக்கேள்விக்கு வாய்ச்சொல்லால் விடையளிக்க என்னால் இயலவில்லை. பலகை ஒளிர்ந்த மாலையில் அவரைப் பள்ளிக்கு அழைத்தேன். மகள் அவர் முன்னிலையில் மூடியைத் திறந்து, எந்தக் கம்பி எதற்கு என்று காட்டினாள். நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "இதற்குள்ளே இவ்வளவுதானா இருக்கிறது!" என்றார்.

அன்பர்களே, அந்தச் சொல்லில் எத்தனை வேதனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பதினைந்து ஆண்டு தோளில் சுமந்த பொருளின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. நம் முன்னோரின் கைகள் நுட்பம் அறியாத கைகள் அல்ல. தோலைப் பதப்படுத்தவும் பறையை இழுத்துக் கட்டவும் ஏரி மடையின் நீரை அளந்து விடவும் அறிந்த கைகள். ஆனால் ஏடு அவர்களுக்கு மூடியிருந்தது. ஏட்டை வைத்திருந்தவர் கையிலோ கருவி இல்லை. கையும் ஏடும் பிரிந்து கிடந்ததால் இரு பக்கமும் இழப்பே விளைந்தது. இன்று ஓர் ஏடு திறந்து கிடக்கிறது. அதைத் திறந்து வைத்தவர்கள் எந்த நாட்டினரோ, எந்த மொழியினரோ நாம் அறியோம். 'எவரும் படிக்கலாம்' என்று அவர்கள் எழுதியிருக்கும் 'எவரும்' என்னும் சொல்லில் நாமும் அடக்கம். திறந்திருக்கும் ஏட்டைப் படிக்காமல் விடுவோமானால், அக்குறை ஏட்டைச் சேராது.

சங்கத்தின் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் ஒரு மேசை ஒதுக்குங்கள். இரண்டு சூட்டுக்கோல், ஒரு மல்டிமீட்டர், ஒரு பழைய கணினி போதும். மின்சுற்று வரையும் கைகேட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. கோடை விடுமுறையில் பத்துப் பிள்ளைகள் பத்துப் பலகை கோக்கட்டும். அடுத்த கோடையில் அந்தப் பத்துப் பேரே வேறு பத்துப் பேருக்குக் கற்பிக்கட்டும். எங்கள் மாணவர்கள் வரைந்த 76 தமிழ் வடிவங்களும் அவற்றுக்குரிய எண்களும் ஒரு குறிப்பேட்டில் இருக்கின்றன. அதன் படி ஒன்றை இன்று சங்கத்திற்குக் கொடுத்துச் செல்கிறேன். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். திருத்தியவர் தம் திருத்தத்தை அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இளைஞர்களே, வேலை தேடிச் செல்லும் இடத்தில் ஏணியைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள், உழைப்பில் இழிவில்லை. ஆனால் மூடியைத் திறக்கும் வேளை வரும்போது, "அந்தப் படத்தைக் கொடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று சொல்லும் தகுதியோடு செல்லுங்கள். அத்தகுதியை வழங்க ஒரு சிறு பலகையும் ஒரு வரைபடமும் சில மாலைப் பொழுதுகளும் போதும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

 வெள்ளி விழாக் காணும் சங்கம் பொன் விழாவும் காண வாழ்த்தி அமைகிறேன்.